அடைக்கச் சொன்ன குழாய்

புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று அலுவலகத்தில் கேட்டதிலிருந்து இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பல வருடம் சித்தாளாகக் கல்லும் கலவையும் சுமந்தேன். பிறகு பதினாலு வருடம், இப்போது நீங்கள் பார்க்கிற இதே வேலையைப் பார்த்தேன். வீட்டை விற்கப் போடுவதற்கு முன்னால் சொந்தக்காரர் நம்மைக் கூப்பிடுவார். நாம் போய் வீட்டுக்கு எங்கே நோகிறது என்று பார்த்துச் சொல்வோம். என் ரிப்போர்ட்டை நான் கையால் எழுதுவேன், வேறு யாராவது டைப் அடிப்பார்கள். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

நீங்கள் படித்தவர்கள். சுவரின் ஈரத்தைச் சொல்லும் கருவி, சூட்டைப் படமாகக் காட்டும் கேமரா எல்லாம் உங்கள் பையில் இருக்கிறது. அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. பயத்தைப் பற்றிச் சொல்லலாம். அது என்னிடம் நிறைய உண்டு. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினேனா என்று திரும்பி வருகிற ஆள் நான். சிலிண்டரை மூடினேனா என்ற நினைப்பில் பஸ்ஸிலிருந்து பாதி வழியில் இறங்கியிருக்கிறேன். இந்த வேலைக்கு அது நல்லது, பயந்தவள் ஒரு ஓட்டையையும் விடமாட்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

ஓட்டையை விடமாட்டேன்தான். பார்த்த ஓட்டையை எல்லாம் அடைக்கச் சொல்லிவிடுவேன். அப்படிச் சொல்லித்தான் ஒரு வீட்டில், எழுந்து நடக்க முடியாத ஒரு பெரியவரைக் கட்டிலோடு எரிக்கப் பார்த்தேன்.

திருவொற்றியூரில், கடலோரச் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் இருந்தது அந்த வீடு. கீழே ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை; மாடியில் ஒற்றை அறை. சொந்தக்காரர் பிலோமினா, ஐம்பதை நெருங்குகிறவர், ஒரு பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலை. அவருடைய அப்பா சவரிமுத்து துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இடுப்புக்குக் கீழே வராமல் போய், மூன்று வருடமாக ஹால் நடுவில் கட்டிலில் இருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. மகள் வேலைக்குப் போனால் பக்கத்து வீட்டம்மா வந்து எட்டிப் பார்த்துக்கொள்வார். சக்கர நாற்காலி நுழைகிற கதவும் கழிப்பறையும் உள்ள வீடாகப் பார்த்து அப்பாவைக் கூட்டிப் போக வேண்டும், அதற்கு இதை விற்க வேண்டும் என்று பிலோமினா போனில் சொன்னார்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். முதல் தடவை போய்க் குறைகளை எழுதிக் கொடுப்போம். அவர்கள் சரி செய்வார்கள். மறுபடி போய்ப் பார்த்து, திருப்தி என்றால் கையெழுத்துப் போடுவோம். அந்தக் கையெழுத்தை வைத்துக்கொண்டுதான் அவர்கள் வாங்க வருகிறவரிடம் தலை நிமிர்ந்து பேசுவார்கள்.

முதல் தடவை போனபோது அந்த வீட்டில் எனக்கு ஒரு பயமும் வரவில்லை. உப்புக் காற்று பட்டு மாடி சன்ஷேடில் கம்பி துருவேறி வெளியே தெரிந்தது. குளியலறைச் சுவரில் ஈரம். எங்கள் கடலோர வீடுகளில் இதெல்லாம் சளி காய்ச்சல் மாதிரி. நான் சுவரைத் தட்டித் தட்டிப் போவதைச் சவரிமுத்து படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னாமே, வூட்ட இந்தத் தட்டு தட்டறே. பொயச்சிக்குமா, பூடுமா?”

பிழைத்துக்கொள்ளும், மூட்டு வலி மட்டும்தான் என்றேன். சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, தரையைப் பற்றி என்ன எழுதினாய் என்று கேட்டார். தரை நன்றாக இருக்கிறது, டைல்ஸ் புதுசு என்றேன். அவர் மகளைப் பார்த்தார். மகள் ஃபேனைப் பார்த்தார். அந்தப் பார்வை என் கண்ணில் பட்டது. ஏதோ அப்பா மகள் விஷயம் என்று விட்டுவிட்டேன்.

பின்பக்கம், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், தரைக்குள்ளிருந்து மணிக்கட்டுப் பருமனில் ஒரு பிளாஸ்டிக் குழாய் எழும்பி இடுப்புயரத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றது. எதோடும் சேரவில்லை. இது எதற்கு என்று கேட்டேன்.

“தெரிலக்கா. பழசு,” என்றார் பிலோமினா.

நான் கேட்டு முடிப்பதற்கு முன்பே அந்தப் பதில் வந்துவிட்டது. பழைய வாஷ்பேசின் குழாயாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டு எழுதினேன்: உபயோகம் இல்லாத குழாய். எலி, கொசு வரும். மூடி போட்டு அடைக்கவும். எத்தனையோ வீட்டில் எழுதிய வரி. கை தானாக எழுதும்.

அதன் பிறகு ஐந்து நாள் விடாமல் மழை. ஐப்பசி மழை. சந்தெல்லாம் முழங்கால் தண்ணீர் நின்று வடிந்தது. மழை விட்டு ஒரு வாரம் கழித்து, ஒரு காலை பத்தரை மணிக்கு மறுபார்வைக்குப் போனேன். பிலோமினா லீவு போட்டிருந்தார்.

நான் எழுதியதெல்லாம் செய்து முடித்திருந்தார்கள். சன்ஷேடு பூசியாகிவிட்டது. குளியலறைச் சுவர் காய்ந்திருந்தது. வெளியே புது பெயிண்ட். ஆனால் வாசலில் கால் வைத்ததும் ஒரு வாசனை, மண்ணெண்ணெய் மாதிரி. அப்போது நான் என்ன செய்தேன் என்பதை நன்றாகப் படியுங்கள். ஜன்னலைச் சாத்தச் சொன்னேன்.

எண்ணூரிலிருந்து இராயபுரம் வரை பிறந்து வளர்ந்த மூக்கு அப்படி. காற்று ஒரு பக்கம் திரும்பினால் சாம்பல், இன்னொரு பக்கம் திரும்பினால் எண்ணெய், மூன்றாவது பக்கம் கருவாடு. வாசனை என்றால் அது வெளியிலிருந்து வருவது, ஜன்னலைச் சாத்தினால் குறையும். எங்கள் அம்மாமார் அப்படித்தான் பழக்கினார்கள். வெளியூர்க்காரர் யாராவது அன்று என்னோடு வந்திருந்தால் நேரே போய் ஜன்னலைத் திறந்திருப்பார். நான் சாத்தச் சொன்னேன், பிலோமினாவும் சாத்தினார். இரண்டு பேருக்கும் அதில் சந்தேகமே வரவில்லை.

அன்று சவரிமுத்து என்னைக் கேலி செய்யவில்லை. வந்தியா என்றுகூடக் கேட்கவில்லை. கட்டிலின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, படகில் போகிறவர் மாதிரிப் படுத்திருந்தார். தலைமாட்டுக்கு எதிரே அலமாரித் தட்டில் இயேசுவின் இருதயப் படம். அதன் முன்னால் பட்டப்பகலில் ஒரு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. பதினொன்றரைக்குக் கோயில் பெண்கள் பத்துப் பேர் ஜெபமாலை சொல்ல வருகிறார்கள் என்றார் பிலோமினா. வீடு நல்லபடி விற்க வேண்டும் என்றா என்று கேட்டேன். ஆமாம் என்றார். இந்த ஆமாமும் முன்பு சொன்ன தெரியாது மாதிரியே வேகமாக வந்தது.

நான் சுவர் ஓரமாகக் குந்தி ஈரம் பார்த்துக்கொண்டிருந்தபோது அது முதல் தடவை கேட்டது. காலி பாட்டிலின் வாயில் உதட்டை வைத்து மெல்ல ஊதினால் வருமே, அந்தச் சத்தம். நீளமாக வந்தது. நின்றது. நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன், பத்து வரை. மறுபடி வந்தது.

ஃபேனாக இருக்கும் என்று நினைத்தேன். என் புடவைக் கரை அசைந்தது. ஜன்னல் சாத்தியிருக்கிறது, ஃபேன் தலைக்கு மேலே சுற்றுகிறது. ஆனால் காற்று என் கணுக்காலில் பட்டது. சில்லென்று, கீழேயிருந்து.

சுவரில் ஒரு பல்லி இல்லை. அதையும் அப்போதுதான் கவனித்தேன். கடலோர வீட்டில், மழைக்குப் பிறகு, ஒரு பல்லிகூட இல்லாமல் எப்படி இருக்கும்?

பயந்தவள் உடனே குனிந்து பார்த்திருப்பாள் என்று நினைப்பீர்கள். நான் எழுந்து நின்றேன். பேனாவை எடுத்தேன். கையெழுத்தைப் போட்டுவிட்டு வெயிலுக்குப் போய்விட வேண்டும் போல இருந்தது. பயம் நம்மைக் கவனமாக்கும் என்பது பாதி உண்மைதான். மீதிப் பாதி, பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் கிளம்ப வைக்கும்.

“கீய பாருமே,” என்றார் சவரிமுத்து.

“நைனா, சும்மா இரு,” என்றார் மகள்.

“நான் இன்னா சொல்லிட்டேன்? கீய பாருன்னேன். பாக்கத்தான வந்துகீறா.”

முட்டி போட்டுக் கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். முதல் தடவை நான் அங்கே பார்க்கவே இல்லை. படுத்திருக்கிற மனுஷரின் கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை என்று விட்டிருந்தேன். புது டைல்ஸில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல். அதன் மேல் வரிசையாகச் செத்த எறும்புகள். விளக்குமாறு எட்டாத இடம், அதனால் அப்படியே கிடந்தன. அந்த வரிசை நேராகப் போகவில்லை. கட்டிலின் ஒரு காலருகே ஆரம்பித்து வளைந்து மறுபக்கம் போனது. அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு வளைவு திரும்பி வந்தது. இரண்டையும் சேர்த்தால் நாலடி அகலத்தில் ஒரு வட்டம். வட்டத்துக்கு மேல் அவருடைய கட்டில்.

வீடு என்பது எல்லாம் மூலையும் நேர்க்கோடும்தான். நான் மண் சுமந்த காலத்தில், வீட்டுக்காகத் தோண்டியதில் வட்டமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

“கிணறா?” என்றேன், தலையை வெளியே எடுக்காமல்.

அந்தச் சத்தம் மறுபடி வந்தது. இந்தத் தடவை காற்று என் முகத்தில் பட்டது. அதில் எண்ணெய் வாசனை, தொண்டை வரை.

பிலோமினா தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். அழுகைக்கு நடுவில் எல்லாவற்றையும் சொன்னார். ஹால் இருக்கிற இடம் அந்தக் காலத்தில் திறந்த முற்றம், அங்கே கிணறு. அவருடைய அம்மா இருந்தபோதே தண்ணீரில் எண்ணெய் வாசனை வர ஆரம்பித்தது. பிறகு வாளியில் எடுத்தால் மேலே வண்ண வண்ணமாகப் படலம் மிதந்தது. சந்தில் எல்லாக் கிணறும் அப்படித்தான். பூமிக்குள் எங்கிருந்து வந்தது, யாருடையது என்று யாரும் சொல்லவில்லை. சவரிமுத்து கிணற்றைப் கான்கிரீட் பலகை போட்டு மூடி, மேலே ஹாலை இழுத்துக் கட்டிவிட்டார். மூடினாலும் கிணற்றை மூச்சு முட்ட விடக்கூடாது, விட்டால் குடும்பம் தழைக்காது என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால் ஒரு குழாயைத் தரைக்கடியில் கொண்டுபோய்ப் பின்பக்கம் வாயைத் திறந்து விட்டார். பல வருடம் அதன் வழியாக அது பேசாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

மூன்று மாதம் முன்பு வீடு பார்க்க வந்த ஒரு குடும்பம், மூடின கிணறு என்று கேட்டதும் காப்பியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டது. அதனால்தான் என்னிடம் மறைத்தார். நான் குழாயை அடைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தபோது, வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பேன். ஏன் என்று சொன்னால் கிணறு வெளியே வரும். பிளம்பரைக் கூப்பிட்டுப் பசை தடவி மூடி போட்டுவிட்டார்.

“அதுலேர்ந்துதான்க்கா. நைனா முதுகுக்குக் கீய எவனோ நடக்கறா மாதிரி கீதுன்றாரு. முந்தாநாள் மெழுகுவத்தி ஏத்தசொல்ல தீக்குச்சி கைதவறி வுய்ந்துச்சி. நீலமா ஒரு நெருப்பு, நூலாட்டம். கட்டலுக்குக் கீய ஒரு சுத்து சுத்தி ஓடிச்சி. அப்பறம் இல்ல. எய்திடாதீங்கக்கா. பேய் வூடுன்னு பேராய்ட்ச்சின்னா ஒர்த்தரும் வாங்க மாட்டாங்க.”

அந்தப் பெண்கள் அதற்காகத்தான் வரப்போகிறார்கள். பத்துப் பேர், ஆளுக்கொரு மெழுகுவத்தியோடு, கட்டிலைச் சுற்றி மண்டியிட. மணி பதினொன்று பத்து.

அந்த நேரத்தில் என் மூளை தெளிவாக வேலை செய்தது என்று சொன்னால் அது பொய். என் கால் வாசலைப் பார்த்துத் திரும்பிவிட்டது. என் கை ஃபேன் சுவிட்சை அணைக்கப் போனது. சுவிட்சுக்கு ஒரு விரல் தூரத்தில் கை நின்றது. ஏன் நின்றது என்றால், சித்தாளாக இருந்த நாளில் ஒரு கட்டடத்தில் பெயிண்டர் தின்னர் கொட்டிய தரையில் பீடி நெருப்பு விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். தீ மேலே எழும்பவில்லை. தரையோடு தரையாக, தண்ணீர் மாதிரி ஓடியது. இந்த எண்ணெய்க் காற்றும் தரையில்தான் தேங்கியிருக்கும். சுவிட்சில் ஒரு பொறி போதும். மூலையில் ஃபிரிட்ஜ், தானாக அணைந்து தானாக ஓடுவது. வாசலில் காலிங் பெல், யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். நான் தொடாமல் இருந்தாலும் இந்த வீடு தானே பற்றிக்கொள்ள ஆயிரம் வழி இருந்தது.

விரலை எச்சிலில் நனைத்து மெழுகுவத்தித் திரியைக் கிள்ளி அணைத்தேன். ஊதுவதற்குப் பயம். பிலோமினா போனை எடுத்து அந்தப் பெண்களைக் கூப்பிடப் போனார். போனைப் பிடுங்கி என் இடுப்பில் செருகிக்கொண்டு, தெருமுனைக்கு ஓடிப்போய் அவர்களை அங்கேயே நிறுத்தச் சொன்னேன். மெழுகுவத்தி, தீப்பெட்டி, போன் எல்லாவற்றையும் அங்கேயே வைத்துவிட்டு, பலமுள்ள நாலு பேரை மட்டும் கூட்டி வரட்டும். அவர் கதவை அகலத் திறந்துவிட்டு ஓடினார். நான் வெளியே மீட்டர் பெட்டிக்குப் போய் மெயினை இறக்கினேன்.

ஃபேன் மெதுவாகச் சுற்றி நின்றது. ஃபிரிட்ஜின் முனகல் நின்றது. அதுவரை அந்தச் சத்தங்களுக்குக் கீழே என்ன இருந்தது என்பது அப்போதுதான் காதில் விழுந்தது. தரை முழுவதும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. விட்டு விட்டு, நீளமாக, தூங்குகிறவர் மாதிரி. மூச்சுக்கு நடுவில் எங்கோ ஆழத்தில் தண்ணீர் கல்லில் மோதும் சத்தம். மழைத் தண்ணீர் அடியில் ஏறிவிட்டது, மேலே இருந்த காற்றுக்குப் போக்கிடம் இல்லை என்று இப்போது உங்களுக்கு நான் எளிதாகச் சொல்லிவிடுவேன். அன்று அந்த ஹாலுக்குள் திரும்பி நுழைய எனக்குக் கால் வரவில்லை. நுழைந்தேன். அந்த மனுஷர் அங்கே இருந்தார், வேறு வழியில்லை.

ஜன்னல்களைத் திறந்தேன். பிறகு அவரிடம் போய், உங்களை வெளியே தூக்கிப் போகப் போகிறோம் என்றேன்.

“நான் வர்ல,” என்றார்.

கூரையைப் பார்த்தபடி மெதுவாகப் பேசினார். அவர் குரலில் பயம் இல்லை. கிணற்றை மூடியது தான்தானாம். அவர் அப்பா தோண்டிய கிணறாம். தண்ணீர் கெட்டுப்போனால் அதற்காகக் கிணற்றைக் கொல்வார்களா என்று அவர் மனைவி கேட்டாராம்.

“பத்து நாளா என் முதுவுக்குக் கீய தட்டிக்கினு கீது. அது என்னத்தான் கேக்குது. கால் வேற இல்ல, எங்க ஓடுவேன்? நீ போமே. பொண்ணக் கூட்டிக்கினு போ.”

கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மூட்டை தூக்கிய கை. நாலு பேர் வந்தாலும் அந்தப் பிடியைப் பிரித்துத் தூக்க நேரமாகும். இழுபறியில் இரும்புக் கட்டில் தரையில் உரசும். எண்ணெய், காற்று, அழுத்தம் என்று நான் விளக்கியிருக்கலாம். அவருக்கு அது காதில் ஏறாது. அவரிடம் ஒரு விஷயம்தான் இருந்தது. தான் அதை மூடினோம், அது தன்னைக் கேட்கிறது.

நம் தொழிலில் எல்லோரும் பயப்படுவது, வீட்டுக்காரர் எதிரில் தன் தப்பைச் சொல்வதற்குத்தான். பதினாலு வருடத்தில் நான் ஒரு தடவையும் சொன்னதில்லை. என்னோடு வேலை பார்த்த யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

“நைனா, நீ மூடல,” என்றேன். “நீ அதுக்கு வாயி வெச்சே. அந்த வாயப் பொத்தினது நானு. பின்னாடி கீற கொயாவ அடைக்கச் சொல்லி எய்தினது நான்தான். கேட்டா என்னத்தான் கேக்கணும், உன்ன எதுக்குக் கேக்குது?”

அவர் கூரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். தரை ஒரு தடவை மூச்சு விட்டது.

“இன்னாத்துக்கு அடைக்கச் சொன்னே?”

“கொசு வரும்னு.”

“கொசுவா,” என்றார். அவருடைய வயிறு குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறார் என்று எனக்குப் புரியவே நேரமாயிற்று. “அடிப்பாவி. ஒரு கொசுவுக்கா.”

கம்பியிலிருந்து கையை எடுத்தார். லுங்கி சரியில்லை, போர்வையோடு தூக்கச் சொல் என்றார்.

கோயில் பெண்கள் நாலு பேர் வந்தார்கள், மீன் கூடை சுமந்து பழகியவர்கள். செருப்பைக் கழற்றச் சொன்னேன். போர்வையின் நாலு முனையையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து, ஒரு சத்தமும் இல்லாமல் அவரைத் தூக்கிப்போய், சந்தைத் தாண்டி எதிர் வரிசையில் ஒரு வீட்டு வாசலில் பாய் விரித்துக் கிடத்தினார்கள். தெருமுனையிலிருந்து யாரோ தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தார்கள். சந்தில் எல்லோரையும் அடுப்பை அணைக்கச் சொல்லி வீடு வீடாகப் போனார் பிலோமினா, தானே தன் வீட்டுக் கிணற்றைச் சொல்லிக்கொண்டு. அவர் மூன்று மாதமாக மறைத்தது அரை மணி நேரத்தில் சந்துக்கே தெரிந்தது.

தீயணைப்பு வண்டி வருவதற்குள் நான் பின்பக்கம் போய், அடைத்த மூடிக்கு ஒரு ஜாண் கீழே குழாயைத் தண்ணீர் ஊற்றி ஊற்றி ரம்பத்தால் அறுத்துவிட்டேன். வந்தவர்கள் கருவி வைத்துப் பார்த்துவிட்டு, மாலை வரை யாரையும் உள்ளே விடவில்லை. அவர்களில் ஒருவர் அந்த ஹாலைப் பார்த்துவிட்டு, இதில் இன்று மெழுகுவத்தியோடு ஜெபம் செய்திருந்தால் என்று ஆரம்பித்து, முடிக்காமல் போனார்.

நான் ரிப்போர்ட் எழுதினேன். கிணறு, எண்ணெய், விரிசல் எல்லாம். குழாயை அடைக்கச் சொன்னது நான் என்பதையும் எழுதினேன். அந்த வரி வேண்டாம் என்றார்கள் அலுவலகத்தில். அந்த வரி இல்லாமல் என் பேர் வேண்டாம் என்றேன். பிலோமினா ஆறு மாதம் என் போனை எடுக்கவில்லை. யாரோ வந்து கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள், பதில் வரவில்லை. அப்பாவும் மகளும் காலடிப்பேட்டைப் பக்கம் தரைத்தளத்தில் வாடகைக்குப் போய்விட்டார்கள். குழாயை மொட்டை மாடிக்கு மேலே உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். வீடு இன்னும் விற்கவில்லை.

எந்த வீட்டிலும் ஓர் ஓட்டையைப் பார்த்தால், அடைக்கவும் என்று எழுதுவதற்கு முன்னால் அதைப் போட்டவர் எதற்குப் பயந்து போட்டார் என்று கேளுங்கள். தெரியாது என்று அவசரமாகச் சொல்கிற வீட்டுக்காரர்மேல் கோபப்படாதீர்கள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். தண்ணீர் கேளுங்கள். நம்மிடம் உண்மையைச் சொன்னால் வீடு விற்காது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், பல சமயம் அது சரியும்கூட. சொல்ல வைக்க வேண்டியது நம் வேலை. நான் அந்த முதல் நாள் இரண்டு நிமிடம் கூடுதலாக உட்கார்ந்திருந்தால் போதுமாக இருந்திருக்கும்.

ஒன்றை மட்டும் நான் ரிப்போர்ட்டில் எழுதவில்லை. எழுத எனக்கு வார்த்தை தெரியவில்லை.

குழாயை அறுத்து மூடி கீழே விழுந்ததும், முங்கி எழுந்தவர் விடுவது மாதிரி ஒரு பெருமூச்சு வந்தது. ரொம்ப நேரம் வந்தது. என் புடவைத் தலைப்பு பறந்தது. பிறகு மெல்ல அடங்கி, நின்றுவிட்டது. முடிந்ததா என்று பார்க்க, குழாய் வாயில் உள்ளங்கையை வைத்தேன். ஒன்றும் இல்லை. கையை எடுக்கப் போனேன். வரவில்லை. அது உள்ளே இழுத்தது. பலமாக இல்லை, பால் குடிக்கிற குழந்தை இழுக்கிற அளவுக்கு. மூச்சு விட்ட ஒன்று, இப்போது எடுக்கிறது.

கையைப் பிடுங்கிக்கொண்டு முன்பக்கம் ஓடினேன். எதிர் வாசலில் பாயில் சவரிமுத்து. பெண்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்து, மெழுகுவத்தி இல்லாமல், ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் முகத்தைப் பார்த்து என்ன என்று கண்ணால் கேட்டார். அவர் பக்கத்தில் குந்தி, நடந்ததைக் காதோடு சொன்னேன். அவர் என் கையை வாங்கி, உள்ளங்கையைத் தன் மூக்கருகே கொண்டுபோனார். வெகு நேரம் கழித்துத்தான் விட்டார்.

“மோந்து பாத்துகீதுமே உன்ன,” என்றார். “இனிமே உன் கையி அதுக்குத் தெரியும்.”